வன்னி ஆற்றங்கரை வழியே பட்டிக் கொட்டிலுக்கு: துறை கடந்து நடக்கும் முறை

இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டில் ஆற்றை ஒட்டி நடக்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது குளத்தைப் பற்றித்தான். நடக்கிற இடத்தில் வெயில் கொளுத்தும், மணலில் கால் சுடும். அதே நேரத்தில் மேலே எங்கோ ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருக்கும் (மிஞ்சிய தண்ணீர் கழிவாய் வழியே வெளியேறும்). காலையில் கணுக்காலளவு இருந்த துறை (ஆற்றை நடந்து கடக்கும் இடம்) பின்னேரம் இடுப்பளவு ஆவது அப்படித்தான்.

இங்குள்ள ஆறுகள் எல்லாம் மழையாறுகள். கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் மறிபட்டு, மிச்சம் சுண்டிக்குளப் பக்கம் போகிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே கடலுக்குப் போகின்றன. பேராறும் நாயாறும் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம். பாலியாற்றில் வவுனிக்குளம், பேராற்றில் முத்தையன்கட்டு என்று பெரிய குளங்கள். அவற்றுக்கு மேலேயும் கீழேயும், ஒன்றின் கழிவு மற்றொன்றில் விழும்படி எண்ணற்ற சிறு குளங்கள். மழைத்தண்ணீர் இந்தக் குளங்களில் தங்கித் தங்கித்தான் ஆற்றுக்கு வருகிறது. அதனால் மழை விட்ட பிறகும் ஆறு ஏறும். 2018 டிசம்பர் பிற்பகுதியில் பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் போனது பலருக்கு நினைவிருக்கும். ஆற்றுக்குள் கால் வைக்கிறவருக்கு அவ்வளவு பெரிய வெள்ளம் தேவையில்லை. ஒரு முழம் ஏறினாலே போதும்.

இந்தக் குறிப்பு 8 முதல் 10 கிமீ வரையான ஒரு நடைக்கானது. காட்டோரக் கிராமத்திலிருந்து விடியப் புறப்பட்டு, ஆற்றை நாலைந்து தரம் கடந்து, காட்டுக்குள் மாட்டுப்பட்டிக்காரர் போட்டிருக்கும் கொட்டிலில் இரவு தங்கி, மறுநாள் அதே வழியால் திரும்புவது.

எப்போது போவது, யாரைக் கேட்பது

ஐப்பசி தொடங்கித் தை நடுப்பகுதி வரை போக வேண்டாம். வடகீழ்ப் பருவமழை அப்போதுதான். மாசி, பங்குனி நல்ல காலம்: ஆற்றில் தெளிந்த தண்ணீர் ஓடும், துறைகள் முழங்காலுக்குள் நிற்கும், பட்டிகளும் பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே இருக்கும். காலபோக (மாரிப் பருவ) நெல் வயலில் நிற்கும்வரை மாடுகளை ஊருக்குள் விடமுடியாது என்பதால் பட்டிக்காரர் அவற்றைக் காட்டுக்குக் கொண்டுபோய், அறுவடை முடிந்த பிறகுதான் இறக்குவார்கள். சித்திரையில் பின்னேர இடிமழை உண்டு. அந்த மாதம் போனால் மதியத்துக்கு முன் கடைசித் துறையைக் கடந்துவிட வேண்டும். ஆனி, ஆடியில் ஆறு மணலாகக் கிடக்கும். கடப்பது சுகம், குடிக்கத் தண்ணீர் இல்லை. அதோடு அது பாலைப்பழக் காலம். பழத்துக்குக் கரடி வரும்.

கேட்க வேண்டியவர்கள் மூன்று பேர். முதலாவது, கிராம அலுவலர். அவர் வழியாக, அந்தக் காடு வனவளத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடா, வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கக் காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் நினைத்தபடி கால்நடையாகத் திரிய விடமாட்டார்கள். அங்கே இந்த வகை நடையை மறந்துவிடலாம். இரண்டாவது, மேலே உள்ள குளத்தின் கமக்காரர் அமைப்பு அல்லது நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகம். "குளம் எத்தனை அடி நிற்குது, வான் பாயுதா, கதவு திறக்கிற யோசனை இருக்கா" என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவும், புறப்படும் அன்று காலையும் கேளுங்கள். வான் பாய்கிறது என்றால், எத்தனை அங்குலம் என்று கேட்கத் தேவையில்லை. பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர்: பட்டிக்காரர். அவர் அனுமதியில்லாமல் கொட்டிலில் தங்குவது முறையல்ல. அவரோ அவர் காட்டும் ஆளோ கூட வராமல் இந்த நடையைத் தொடங்கவும் வேண்டாம். துறை எது, ஆழமான மடு எது, எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறும். வரைபடம் இதைச் சொல்லாது.

காட்டுக்குள் காலை எங்கே வைப்பது

மாடும் ஆளும் தினம் நடக்கும் தடத்தை விட்டு விலகக் கூடாது. இதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, மிதிவெடி. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் எல்லா இடமும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு நிறம் பூசிய கட்டை, கட்டி விட்ட நாடா எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் போகாதீர்கள். பலகை இல்லாத இடம் சுத்தமான இடம் என்று அர்த்தமில்லை. வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம் மாற்றிவிடும். ஆற்று மணலில் துருப்பிடித்த உலோகமோ, பச்சை அல்லது மண்ணிறப் பிளாஸ்டிக் வட்டமோ அரைகுறையாகத் தெரிந்தால் தொடவோ கல்லெறியவோ வேண்டாம். நின்ற இடத்தில் நின்று மற்றவர்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, வந்த காலடியிலேயே கால் வைத்துத் திரும்புங்கள். தூரத்தில் இருந்து தெரியும்படி ஒரு துணியைக் கட்டிவிட்டு, 119க்கு அறிவியுங்கள்.

மற்றது, கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மரைக்கும் காட்டுவழியில் கட்டிவைக்கும் துப்பாக்கி. விலங்கு நடக்கும் ஒற்றைத் தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில், சில இடத்தில் அதற்கும் கீழே, மெல்லிய நூலோ கம்பியோ ஓடும். தட்டினால் வெடிக்கும், குண்டு தொடையில் அல்லது முழங்காலில் படும். மரத்தில் புதிதாகக் கீறிய அடையாளம், ஒடித்து வைத்த கொப்பு, தடத்தின் இரு பக்கமும் காரணமில்லாமல் அடைத்த முள் இவை கண்ணில் பட்டால் அந்தத் தடத்தை விடுங்கள். சுருக்கும் அப்படித்தான். பழம், மாமிசத்துக்குள் வைத்த, கடித்தால் வெடிக்கும் வாய்வெடியும் கிடக்கும். காட்டில் தனியாகக் கிடக்கும் பூசணித் துண்டைக் காலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். வயலோரத்தில் மின்வேலி தாண்ட நேர்ந்தால், திறக்கும் இடம் எது என்று காணிக்காரரிடம் கேட்டுத் தாண்டுங்கள். திணைக்களம் போட்ட யானைவேலியின் மின்சாரம் விட்டு விட்டு அடிக்கும். வீட்டு மின்சாரத்தைக் கள்ளமாக இழுத்துக் கட்டிய கம்பி ஆளைக் கொன்றுவிடும்.

திசை பிடிப்பது பற்றியும் ஒரு சொல். வன்னி தட்டை நிலம். ஏறி நின்று பார்க்க ஒரு குன்றும் கிடைக்காது. ஆறுதான் கைபிடிக் கயிறு. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் துண்டைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். கூகுள் வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. தண்ணீர் நின்றுபோன ஆற்றில் எது மேல், எது கீழ் என்று குழம்பினால் மரத்தைப் பாருங்கள்: வெள்ளம் கொண்டுவந்த சருகும் சுள்ளியும் அடிமரத்தின் மேல்பக்கத்தில்தான் அடைந்திருக்கும், புல் கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கும். மணலில் உள்ள சிறு அலைமடிப்புகளிலும் சரிவான பக்கம் மேல், செங்குத்தான பக்கம் கீழ். கொப்பில் தொங்கும் சருகுக் கற்றை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவரை கடைசி வெள்ளம் வந்திருக்கிறது. ஒருதரம் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தவர் ஆற்றுக்குள் பாய் விரித்துப் படுக்க மாட்டார்.

சுமை

ஒருவருக்கு 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆற்றுக்குள் ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

காலுக்கு, நீர் வடியும் கன்வஸ் சப்பாத்து. செருப்போடு ஆற்றில் இறங்கினால் முதல் துறையிலேயே ஒன்று போய்விடும். வெறுங்காலும் கூடாது, மணலுக்குள் முள்ளும் போத்தல் ஓடும் கிடக்கும், கால் நொந்தால் நிதானம் போகும். சாரம் வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த துணி ஓட்டத்தில் பாய்மரம் மாதிரி இழுக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மெல்லிய காற்சட்டை போதும். உண்ணிக்கு முழுநீளக் காற்சட்டை வேண்டுமென்றால் அதைத் துறைக்கு வந்ததும் மடித்துக் கட்டுங்கள்.

ஆளுக்கு ஒரு பொல்லு: நெஞ்சுயரம், பெருவிரல் மொத்தத்தைவிடக் கொஞ்சம் கூட, காய்ந்த உறுதியான தடி. வழியில் முறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வழியில் கிடைப்பது உக்கல். 20 மீற்றர் நைலோன் கயிறு ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக. ரோச் லைற், மேலதிக பற்றரி, விசில், லைற்றர், சின்னக் கத்தி, நுளம்பு வலை, மெல்லிய தறப்பாள். மருந்தில் ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) 4 பக்கற், அகலமான மீள் பண்டேச் 2, வழமையாக எடுக்கும் மருந்துகள்.

பையை நனையாமல் வைக்க விலைகூடிய பை தேவையில்லை. துவைத்த உரப்பையின் உள்ளே தடித்த பொலித்தீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உடுப்பையும் சாப்பாட்டையும் வைத்து, கொஞ்சம் காற்றோடு வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று இருந்தால் பை மிதக்கும், விழுந்தவருக்குப் பிடிக்கவும் உதவும். போன் தனிப் பையில், மேல் சட்டைப் பையில்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு, தேங்காய்ப்பூ ரொட்டி, கட்டைச்சம்பல், கச்சான், பேரீச்சம்பழம். கருவாட்டை வழியில் வறுக்க வேண்டாம், மணத்துக்கு வேண்டாதது எல்லாம் வரும்.

நேரக் கணக்கு

மணலிலும் பற்றைக்குள்ளும் மணிக்கு 2 கிமீதான் போகும். ஊர் றோட்டில் நடக்கும் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 9 கிமீக்கு நாலரை மணித்தியாலம். ஐந்து துறை, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம்: ஒன்றேகால் மணித்தியாலம். ஓய்வுக்கு முக்கால் மணித்தியாலம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் பகல் 12:30க்குச் சேரலாம். காலை 11 மணிக்கு மூன்றாவது துறையைத் தாண்டவில்லை என்றால் திரும்புவது என்று புறப்படும்போதே முடிவெடுத்துச் சொல்லிவையுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்றுதான் இருக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு ஆற்றங்கரையில் நடமாட வேண்டாம். யானை தண்ணீருக்கு வரும் நேரம்.

எத்தனை பேர்? மூன்றுக்குக் குறையாமல், ஆறுக்குக் கூடாமல். பிள்ளைகளை இந்த நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

துறையில்

கரைக்கு வந்ததும் சப்பாத்து நனையக் கூடாது. முதலில் இருந்து பாருங்கள், குறைந்தது பத்து நிமிடம். தண்ணீர் விளிம்பில் ஒரு ஈர்க்கைக் குத்திவிட்டு, தண்ணீர் அதைத் தாண்டி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறும் ஆற்றின் அடையாளங்கள் வேறும் உண்டு: தெளிவாக இருந்தது கலங்கும், காய்ந்த சருகும் நுரையும் மிதந்து வரும் (வெள்ளம் புதிதாகத் தொட்ட கரையிலிருந்து வருபவை அவை), சலசலப்பு அடங்கி ஒரு கனத்த இரைச்சல் வரும். ஈர்க்கு அரை விரல் மூழ்கினாலும் அன்று கடக்க வேண்டாம்.

அடுத்தது வேகம். கரையோரமாக 10 மீற்றர் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள், சாதாரண எட்டில் 13, 14 எட்டு வரும். மேல் அடையாளத்தில் ஒரு சுள்ளியை நடு ஓட்டத்தில் எறிந்து, கீழ் அடையாளத்துக்கு வர எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீற்றர். 20 விநாடி என்றால் அரை மீற்றர். ஆழத்தை மீற்றரில் எடுத்து இந்த வேகத்தால் பெருக்குங்கள். வளர்ந்தவருக்கு 0.6ஐத் தாண்டினால் கால் நிலைக்காது என்று வைத்துக்கொள்ளலாம். முழங்கால் ஆழம் ஏறக்குறைய அரை மீற்றர். விநாடிக்கு 1 மீற்றர் ஓட்டத்தில் 0.5 வரும், கடக்கலாம். அதே ஓட்டத்தில் தொடை நடு ஆழம் 0.7 வரும், கூடாது. ஆழம் குறைவாக இருந்தாலும் ஓட்டம் கடுமையாக இருந்தால் அதே ஆபத்துத்தான்: ஓட்டம் இரட்டித்தால் காலில் விழும் தள்ளு நாலு மடங்கு. இடுப்பளவு என்றால், ஓட்டம் எதுவாக இருந்தாலும் இந்த வழியில் கடக்க வேண்டாம். ஆழத்தை எப்படி அறிவது? கலங்கிய தண்ணீரில் கண்ணால் முடியாது. ஒருவர் பொல்லோடு, பை இல்லாமல், இரண்டு மூன்று எட்டு வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடி தெரியாத கலங்கல் ஆற்றில் நடுப்பகுதி கரையோரத்தைவிட ஆழம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் தெரிவது. வளைவில் கடக்காதீர்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் ஓட்டம் அரித்து ஆழமாக்கியிருக்கும், கரையும் செங்குத்தாக நிற்கும். இரண்டு வளைவுக்கு இடையில், நேராக ஓடும் அகன்ற துண்டில், தண்ணீர் மேலே சின்னச் சின்னதாகச் சலசலக்கும் இடம் ஆழம் குறைவு. மினுமினுப்பாக, ஓசையில்லாமல், எண்ணெய் ஊற்றியது போல் போகும் இடம் ஆழம். கரையில் பெரிய மருது வரிசையாக நின்று நிழல் விழுந்து கிடக்கும் இடம் பெரும்பாலும் மடு. ஓய்வுக்கு நல்லது, கடக்க ஆகாது. மாடு இறங்கி ஏறிக் கரை சரிவாகிய துறைதான் முதல் தெரிவு. யானைத்தடம் ஆற்றில் இறங்கும் இடமும் நல்ல துறையாகவே இருக்கும், காலை வெயில் ஏறிய பிறகு மட்டும்.

இறங்கும் கரையை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஏறும் கரை. வேர் பின்னி, கீழே குடைந்து, பிடிக்க ஒன்றும் இல்லாத கரையில் போய் முட்டினால் திரும்பிவர வேண்டிவரும். அதேபோல், கடக்கும் இடத்துக்குக் கீழே 50 மீற்றருக்குள் விழுந்த மரம், முள்வேலி, மூங்கில் அடைப்பு, மதகு எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் மரக்கொப்புக்கு ஊடாகப் போய்விடும். ஆள் போக முடியாமல் அதில் ஒட்டிக்கொள்வார். நீச்சல் தெரிந்தவரையும் இந்த மாதிரி ஒட்டிக்கொள்வது கொன்றுவிடும். றோட்டு ஆற்றைக் கடக்கும் தாம்போதி மேல் தண்ணீர் பாயும்போதும் இதே கதை: தட்டையான கொங்கிறீற்றுத்தானே என்று இறங்குவார்கள், பாசியில் வழுக்கினால் கீழ்ப்பக்கச் சுழிக்குள் போய்விடுவார்கள்.

வன்னிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, மணல் அள்ளிய குழி. உழவு இயந்திரம் ஆற்றுக்குள் இறங்கிய தடமோ, கரையில் குவித்த மணலோ தெரிந்தால் அந்தத் துண்டில் கடக்க வேண்டாம். முழங்காலளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடுவார். குழியின் விளிம்பு மணல் காலை வாங்கிவிடும், திரும்பி ஏறவும் விடாது. குளத்தின் அலைகரைப் பக்கம், ஆறு குளத்துக்குள் விழும் இடத்திலும் கடக்கக் கூடாது. அங்கே மணல் இல்லை, தொடை வரை இறங்கும் சேறு. முதலைக்கும் பிடித்த இடம்.

சரி, கடக்கலாம் என்று முடிவாயிற்று. பையின் இடுப்புப் பட்டியையும் நெஞ்சுப் பட்டியையும் கழற்றுங்கள், தோள் பட்டியைத் தளர்த்துங்கள். விழுந்தால் ஒரு தோள் குலுக்கலில் பை கழன்றுவிட வேண்டும். சப்பாத்து நாடாவை இறுக்குங்கள்.

தனியாக நடக்கும்போது முகம் ஓட்டத்தை எதிர்த்து, உடல் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து. பொல்லு ஓட்டம் வரும் பக்கத்தில், இரண்டு கையாலும் பிடித்து ஊன்றியபடி. இரண்டு கால், ஒரு பொல்லு. இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசைய வேண்டும். பொல்லை நகர்த்தி ஊன்றி, பாரத்தைப் போட்டுப் பார்த்து, பிறகு ஒரு கால், பிறகு மற்றக் கால். காலைத் தூக்கி வைக்காமல் அடியோடு தேய்த்துப் பக்கவாட்டில் நகருங்கள். கால் மேல் கால் குறுக்கே போடக் கூடாது. நேர் எதிரே போவதைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாகப் போவது சுலபம். மணல் படுக்கையில் நடுவில் நின்று யோசிக்காதீர்கள்: நிற்கும் காலைச் சுற்றி ஓட்டம் மணலை அரிக்கும், குதிகாலுக்குக் கீழே மணல் கரைந்து போவது தெரியும், சில விநாடியில் கணுக்கால் புதைந்துவிடும். சின்ன எட்டு, நிற்காத எட்டு. தண்ணீரையே உற்றுப் பார்த்தால் தலை சுற்றும்; கண் எதிர்க்கரையில் இருக்கட்டும்.

மூன்று நாலு பேராகக் கடப்பது இதைவிட நல்லது. கரையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் கை மற்றவர் பையின் தோள் பட்டியைப் பின்னால் பிடிக்க, ஒரே வரிசையாக. வரிசை ஓட்டத்தோடு ஒத்து நிற்க வேண்டும்; பலசாலி மேல் முனையில், அவர் ஓட்டத்தை உடைப்பார். பாரம் குறைந்தவர் நடுவில். ஒருவர் சொல்லுக்கு எல்லோரும் ஒரே எட்டு. ஒருவர் தடுக்கினால் மற்றவர்கள் நின்று தாங்கிக்கொள்ள வேண்டும்.

கயிற்றை ஆளின் இடுப்பில் கட்டுவது நம் ஊரில் பலர் செய்யும் வேலை. செய்யாதீர்கள். விழுந்தவரைக் கயிறு நடு ஓட்டத்தில் நிறுத்தும், ஓட்டம் அவரைத் தண்ணீருக்குள் அமுக்கும், முடிச்சை அவரால் அவிழ்க்கவும் முடியாது. கயிறு எறிவதற்கு மட்டும். ஒருவர் கடக்கும்போது இன்னொருவர் 10, 15 மீற்றர் கீழே கரையில், சுருட்டிய கயிற்றோடு, காலை உறுதியாக ஊன்றி நிற்க வேண்டும். கயிறு கிடைத்தவர் அதை நெஞ்சோடு பிடித்து மல்லாந்து கிடந்தால் ஓட்டமே அவரை ஊஞ்சல் போலக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

விழுந்துவிட்டால், பையை விடுங்கள். மல்லாந்து, கால் ஓட்டம் போகும் பக்கம், கால்விரல்கள் தண்ணீருக்கு மேல். எழுந்து நிற்க முயலக் கூடாது. ஓட்டத்தில் நிற்க முயல்பவரின் பாதம் வேரிலோ கல்லிலோ மாட்டினால் உடல் முன்னுக்கு மடிந்து முகம் தண்ணீருக்குள் போகும். கையால் துழாவிச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள், பின்புறம் மணலில் தட்டும் வரை எழ வேண்டாம். முன்னால் விழுந்த மரம் வருகிறது, தப்ப வழியில்லை என்றால் மட்டும் குப்புறப் புரண்டு, தலை முன்னாக நீந்திப் போய், மரத்தின் மேல் ஏறிவிடுங்கள். அதற்குக் கீழால் போகப் பார்க்காதீர்கள்.

முதலை, யானை, கரடி

முதலை மடுவில் இருக்கும், சலசலக்கும் ஆழமற்ற துறையில் குறைவு. கரையில் சேறு வழுக்கிய ஒரு பட்டையும் இரு பக்கமும் நகத் தடமும் தெரிந்தால் 200 மீற்றராவது தள்ளிப் போங்கள். தண்ணீர் அள்ளக் குந்தாதீர்கள், கயிறு கட்டிய வாளியால் அள்ளுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பாத்திரம் கழுவுவது, மீன் குடலை எறிவது இரண்டும் அதை அழைக்கும் வேலை. கோடையில் தண்ணீர் சுருங்கும்போது மிஞ்சிய மடுக்களில் முதலைகள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும். அப்போது குளிப்பும் வேண்டாம்.

யானையின் பிண்டத்தில் மேலே பளபளப்பும் ஈரமும் இருந்தால், ஒடித்த கொப்பில் இலை இன்னும் வாடாமல் இருந்தால், அது கிட்டத்தான் நிற்கிறது. பேச்சை நிறுத்தாமல், சத்தம் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து விலகுங்கள். வெடி கொளுத்தி விரட்டும் வித்தையைப் பட்டிக்காரரிடம் விட்டுவிடுங்கள். கரடி வேறு வகை: அது புற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது காது கேட்காதது போல இருக்கும், கிட்டப் போனபின் திடுக்கிட்டுத்தான் பாயும். அடர்ந்த பற்றைக்குள் நுழையுமுன் பொல்லால் மரத்தில் தட்டிப் பேசிக்கொண்டே போனால் அதுவாக விலகிவிடும்.

குடிநீர்

ஆளுக்கு 4 லீற்றர் ஒரு நாளைக்கு. தொடக்கத்தில் 2 லீற்றர் கொண்டுபோய், மிச்சத்தைப் பூவலில் (மணலில் தோண்டும் ஊற்றுக்குழியில்) எடுக்கலாம். ஓடும் தண்ணீருக்கு 5, 6 அடி தள்ளி, சுத்தமான மணலில், கை முழங்கை வரை போகுமளவுக்குத் தோண்டுங்கள். முதலில் ஊறும் கலங்கலை இரண்டு தரம் இறைத்துக் கொட்டுங்கள். மூன்றாவது ஊற்று கண்ணாடி போல வரும். தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்கக் கூடாது. துணியில் வடித்து, கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். குளோரின் குளிசை போடுவதானால் பெட்டியில் சொன்ன நேரம் காத்திருங்கள். பூவல் தோண்ட முடியாமல் கலங்கல் தண்ணீர்தான் கிடைத்தது என்றால், தேத்தாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்பக்கத்தில் உரைத்துவிட்டு ஊற்றி வைத்தால் மண் அடங்கும். அதையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

கொட்டிலில்

கொட்டில் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டுத் திடலில் இருக்கும். இலுக்கு அல்லது கிடுகு வேய்ந்த கூரை, முள் அடைத்த பட்டி, நாலைந்து நாய். நாய் குரைக்கத் தொடங்கியதும் நின்று கூப்பிடுங்கள்: "ஐயா, ஊரிலயிருந்து வாறம்." ஆள் வந்து நாயை அடக்கிய பிறகு கிட்டப் போங்கள். வெறுங்கையோடு போவது அழகல்ல. அரிசி 2 கிலோ, சீனி, தேயிலை, வெற்றிலை பாக்கு, ரோச்சுக்குப் பற்றரி. காசு நீட்டினால் வாங்கமாட்டார்கள், பற்றரியை வாங்குவார்கள். தயிர் வாங்கினால் மட்டும் அதற்குரிய காசைக் கொடுங்கள்.

வெறும் நிலத்தில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில் திரியும். நித்திரையில் கடித்தால் வலி தெரியாமலே போகும், காலையில் வயிற்று வலியும் கண் இமை சோர்வும்தான் தெரியும். பரணில் இடமிருந்தால் அங்கே. இல்லையென்றால் தறப்பாள் விரித்து, நுளம்பு வலையின் நாலு பக்கத்தையும் பாய்க்குக் கீழே மடித்துச் செருகிப் படுங்கள். சப்பாத்தைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் சாரத்தில் தூக்கிக் கொண்டுபோங்கள். சிக்னல் கிடைத்த இடத்தில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காட்டோர றோட்டு வரை வரும். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான். வழியில் வேறெங்கும் நிற்கத் தேவையில்லை.

நெருப்பை எரியவிட்டுப் படுப்பது பட்டிக்காரர் வழக்கம். அவர் மூட்டிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள். பங்குனியில் ஒரு பொறி போதும் காடு எரிய.

இரவில் மழை பெய்தால், அல்லது மேலே தூரத்தில் மின்னிக்கொண்டே இருந்தால், காலையில் புறப்பட வேண்டாம். ஆறு வடிய ஒரு நாளும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதற்காக ஒரு நாளுக்கு மேலதிகமாக அரிசியும் கொண்டுபோங்கள். நேற்றுக் கடந்த துறையை இன்றும் புதிய துறையாகவே பாருங்கள்: ஈர்க்குக் குத்தி, சுள்ளி எறிந்து, ஏறும் கரையைப் பார்த்து. ஒரே இரவில் மணல் திட்டு இடம் மாறிவிடும்.

ஊருக்கு வந்ததும் கிராம அலுவலருக்கும், "இத்தனை மணிக்குள் வராவிட்டால் தேடுங்கள்" என்று சொல்லிவைத்த ஆளுக்கும் அழைத்துச் சொல்லுங்கள். உடம்பில் மடிப்புள்ள இடங்களில் உண்ணி பார்த்து, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எலிக்காய்ச்சல் ஆற்றுத் தண்ணீரில் நின்றவரைப் பிடிக்கும் நோய். காலில் புண் இருந்தால் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். தடுப்பு மருந்து எடுப்பதானால் புறப்படுமுன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ வைத்தியரையோ கேளுங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு இருக்காமல் வைத்தியசாலைக்குப் போய், ஆற்றில் இறங்கி நடந்த விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.